துண்டைத் தூக்கினால் தண்ணீர்

ஆனி மாதத்தின் கடைசி நாள் எனக்குக் கல்யாணம். விடிந்தால் ஆடி. பெண், கந்தப்பளையிலிருந்து இறம்பொடைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு லொறியில் வர வேண்டும். உச்சி வேளைக்குள் தாலி கட்டாவிட்டால் ஆவணி வரை காத்திருக்க வேண்டும். அதுவரை பொறுக்கிற ஆளா நான்? அவளை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன், அதுவும் குனிந்த தலை நிமிராமல் அவள் நின்றபோது. அதற்கே எனக்குத் தூக்கம் போய்விட்டது.

முந்தின நாள் மழையில் தோட்டத்து ரோட்டில் மண் சரிந்துவிட்டது. அதற்கடியில் நாங்கள் குடியிருக்கும் லயங்களுக்குத் தண்ணீர் வரும் குழாய் ஓடியது. அலவாங்குக் கம்பி பட்டால் உடைந்துவிடும் என்பதால், தண்ணீரை அடித்தே மண்ணைக் கரைக்கச் சொன்னார் துரை. அந்த வேலைக்கென்று எங்களில் ஒரு கூட்டம் உண்டு. மலைமேல் ஓடைக்குழாயின் திருகைத் திறந்து மூட ஒரு பெரியவர். கித்தான் குழாயின் பித்தளை முனையைக் கட்டிப் பிடிக்க இரண்டு பேர். கரைந்த சேற்றை மம்பட்டியால் பள்ளத்துக்குத் தள்ள ஐந்தாறு பெண்கள். பக்கத்து அருவியின் இரைச்சலில் கத்தினாலும் மேலே கேட்காது. அதனால் எங்களை வேலை வாங்கும் கங்காணி துண்டைத் தூக்கினால் தண்ணீர் வரும், இறக்கினால் நிற்கும். முனையைப் பிடிக்கும் இருவரில் ஒருவன் கல்யாண மாப்பிள்ளையாகிய நான்.

காப்புக் கட்டிய கையோடு வெளியே போகக் கூடாதென்று அம்மா வாசலை மறித்தார்.

"ரோடு தெறக்கலேன்னா இந்தக் காப்பு ஆவணி வரைக்கும் கையிலேயே கெடக்கும்மா" என்றேன். வழிவிட்டார்.

கூட்டாளியும் நானும் தோளோடு தோள் ஒட்டி நின்றோம். ஒருவன் பிடி தளர்ந்தால் முனை இருவரையும் தூக்கி எறிந்துவிடும். பெண்களோ சேற்றைத் தள்ளிக்கொண்டே எனக்கு நலங்குப் பாட்டுப் பாடினார்கள். சிரிப்பில் நான் தளரும்போதெல்லாம் கூட்டாளி முழங்கையால் இடித்தான்.

மண் முழங்காலளவு மிஞ்சியபோது அந்தப் பக்கம் பெண் வீட்டு லொறி வந்து நின்றது. நாங்கள் இடம் மாறுவதற்காகக் கங்காணி துண்டை இறக்கினார். தண்ணீர் நின்றது, முனையைக் கீழே வைத்தோம். அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் தாய்மாமன், எங்களைக் கண்ட சந்தோஷத்தில் தன் துண்டைத் தலைக்கு மேலே தூக்கிச் சுழற்றினார். மலைமேல் இருந்தவருக்கு யார் துண்டானால் என்ன? திறந்துவிட்டார். குழாய் துள்ளி எழுந்து மாமனையும் சீர்த்தட்டுகளையும் சேர்த்து நனைத்தது. நாங்கள் அதன்மேல் விழுந்தோம். மம்பட்டிகளைப் போட்டுவிட்டுப் பெண்களும் விழுந்தார்கள். அத்தனை பேரும் முனையை மண்பக்கம் திருப்பிப் பிடித்த பிடியில், மிச்ச மண் ஒரேயடியாகப் பள்ளத்துக்குப் போயிற்று. அடியிலிருந்த குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. வெயில் இன்னும் உச்சிக்கு வரவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கங்காணி தன் துண்டைத் தூக்கி இறக்கித் தண்ணீரை நிறுத்தினார்.

பெண் லொறியிலிருந்து இறங்கி வந்தாள். உச்சி முதல் பாதம் வரை சேறாக நின்ற எங்களைப் பார்த்தாள்.

"இதுல யாருங்க மாமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மாமன் திருதிருவென்று விழித்தார். இரண்டு தடவை வீட்டுக்கு வந்து, என்னைப் பார்த்துப் பேசி, சம்மதம் சொன்ன மனிதர்! எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முகம் துடைக்கக் கங்காணியிடம் வாங்கிய துண்டு கையில் இருப்பதை மறந்து, நான்தான் என்று கையை உயரத் தூக்கினேன்.

கூட்டாளியும் பெண்களும் இன்னும் பிடித்திருந்த முனை நேரே என்னைப் பார்த்திருந்தது. தண்ணீர் அடித்த அடியில் நான் மேட்டோரம் போய் விழுந்தேன். எழுந்தபோது என்மேல் பொட்டுச் சேறு இல்லை.

"இவங்கதான் மாமா" என்றாள் அவள். குனிந்த தலையோடு நின்றவள் என்னை எப்போது பார்த்து வைத்தாளோ! இப்போது நிமிர்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் முகத்தை நான் முழுதாகப் பார்த்தது அப்போதுதான்.