எவ்லினைப் பார்க்கப் போன காட்டுமிருகம்

பேசாலைக் கடலில் இடுப்பளவு சேற்றில் நின்று வலை இழுத்தவன் சில்வெஸ்டர். அப்படிப்பட்டவனுக்கு, விலை உயர்ந்த சப்பாத்துப் போட்டு, ஒரு வீட்டையே முதுகில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு, விடுமுறைக்கென்று சேற்றில் நடக்க வரும் ஜெர்மன்காரர்களைக் கண்டால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? வேலைவெட்டி இல்லாததுகள் என்று முணுமுணுப்பான். வேலை செய்ய அனுமதி இல்லாமல், ஹைம் என்கிற அகதிகள் விடுதியில் சும்மா கிடப்பது தான்தான் என்பது நினைவுக்கு வந்தால் எரிச்சல் இன்னும் கூடும்.

அந்த ஹைம் ஒரு பெரிய சதுப்பு நிலத்தின் மேற்குக் கரையில் இருந்தது. அவன் மனைவி எவ்லினை வைத்திருந்த ஹைம் கிழக்குக் கரையில், அடுத்த மாவட்டத்தில். பேசாலைக் கோயிலில் ஊர் பார்க்கத் தாலி கட்டியவர்கள்தான். கலியாணப் பத்திரம் இடம்பெயர்வில் தொலைந்துபோனது. பத்திரம் இல்லாத கலியாணம் கலியாணமே இல்லை என்று ஆளுக்கொரு பக்கம் பிரித்துவிட்டார்கள். அனுமதி இல்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டினால் தண்டம், திரும்பவும் தாண்டினால் மறியலில் அடைப்பார்கள். ரயில் நிலையத்தில் கறுத்த தலையைக் கண்டாலே பொலிஸ் மறித்துப் பத்திரம் கேட்கும். சேற்றுக்குள் மறிக்க எந்தப் பொலிஸ் வரப்போகிறது? எவ்லின் வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். ஞாயிறு தவறாமல் சில்வெஸ்டர் சதுப்பைக் கடந்து போனான்.

தேவாலயத்துப் பெண்கள் அவனுக்கு இரண்டு தானம் கொடுத்திருந்தார்கள். ஒன்று, செத்துப்போன எந்தச் சீமாட்டியுடையதோ, முழங்காலுக்குக் கீழே தொங்கும் மண்ணிற மயிர்க் கோட்டு. மற்றது, ஒவ்வொன்றிலும் அவன் கால் இரண்டு நுழையக்கூடிய றப்பர் பூட்ஸ். மழை வந்தால் எவ்லினுக்குக் கொண்டுபோகும் அரிசிப் பையைத் தோளில் ஏற்றி, கோட்டைத் தலைக்கு மேலால் இழுத்து மூடிக்கொண்டு நடப்பான்.

2003 இலையுதிர்காலத்தில் ஒருநாள், அதே ஹைமில் இருந்த சிற்றம்பலம், ஊருக்குள் இலவசமாகப் போடும் பத்திரிகையோடு குசினிக்கு வந்தார். ஜெர்மன் வாசிக்கத் தெரிந்த யாழ்ப்பாணத்து மனுசன். சதுப்புக்குள் கூடாரம் அடித்த மூன்று பேர் கண்ட காட்டுமிருகமாம். தலை இல்லை, முதுகில் கூனல், உடம்பெல்லாம் மயிர். தடத்தைச் சாந்து ஊற்றி வார்த்தும் எடுத்திருக்கிறார்கள். சில்வெஸ்டர் மங்கலான படத்தைப் பார்த்தான். அவனுடைய கோட்டு. விழுந்து விழுந்து சிரித்தான். அடுத்த படத்தில் முகம் விழுந்தால் என்று யோசித்ததும் சிரிப்பு நின்றது.

"தம்பி, கொஞ்ச நாளைக்குப் போகாதை. பிடிபட்டால் உன்ரை அகதி வழக்கும் போச்சு," என்றார் சிற்றம்பலம்.

"அவள் தனிய இருக்கிறாள். போகாமல் இருக்க ஏலாது, அண்ணை."

அடுத்த ஞாயிறு கோட்டை விட்டுவிட்டுப் போனான். பாதி வழியில், பலகைப் பாதை முடியும் இடத்தில், அந்த மூன்று பேரும் குந்தியிருந்து ஒரு தடத்தை அளந்துகொண்டிருந்தார்கள். சேற்றில் பதிந்த தடம் ஊதிப் பெருக்கும் என்பது பேசாலையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். தடம் போட்ட பூட்ஸ் மூக்குக்கு முன்னால் நிற்கிறது, ஒருத்தனாவது குனிந்து பார்த்தானா? இதுகளுக்குப் படிப்பு வேறு.

அவர்களில் மூத்தவன் ஊவே என்ற தாடிக்காரன். பத்திரம் கேட்கவில்லை. நீ அதைக் கண்டாயா என்றுதான் கேட்டான். இல்லை என்று சொன்னால் இந்த இடத்திலேயே கூடாரம் போடுவான்கள், பிறகு எவ்லினிடம் போக வழியில்லை. சில்வெஸ்டர் தலையாட்டினான். தெரிந்த நாலு ஜெர்மன் சொல்லில் ஒரு கதையை அவிழ்த்துவிட்டான். கதவு உயரம். அழுகின மீன் மணம். முதுகில் குட்டி. அந்தப் பக்கம் போனது என்று, தான் போகாத வடக்கைக் காட்டினான்.

ஊவேயின் கண் கலங்கிவிட்டது. ஒருவன் குடுவையில் இருந்து கோப்பி ஊற்றினான், மற்றவன் சொக்லேட் நீட்டினான். படம் எடுக்க வேண்டாம் என்றதும், பாவம், பயந்துவிட்டான் என்று விட்டுவிட்டார்கள். மூவரும் வடக்கே ஓட்டமும் நடையுமாகப் போனார்கள்.

எவ்லின் கதை கேட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவனால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. கோடையில் நடந்த அகதி விசாரணை அவன் நெஞ்சுக்குள் நின்றது. ஆமி முகாமில் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னான். சேட்டைக் கழற்றி முதுகுத் தழும்புகளையும் காட்டினான். அதிகாரி ஒரே திகதியைத் திருப்பித் திருப்பிக் கேட்டான், மணிக்கூட்டைப் பார்த்தான். நம்பத்தகுந்ததாக இல்லை என்று பதில் வந்தது.

"முதுகைக் காட்டி அழுதன், எவ்லின். நம்பேல்லை. இண்டைக்குப் பச்சைப் பொய் சொன்னன், அவங்கள் அழுறாங்கள்."

எவ்லின் சிரிப்பை நிறுத்திவிட்டு, சொக்லேட்டில் பாதியை உடைத்து அவன் கையில் வைத்தாள்.

அந்தக் கிழமைப் பத்திரிகையில் அதுவும் வந்தது. வெளிநாட்டவர் ஒருவர் நேரில் கண்டிருக்கிறார், அவர் மிகவும் நம்பத்தகுந்த சாட்சி என்று ஊவே சொல்லியிருந்தான். சிற்றம்பலம் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார். மேன்முறையீட்டுக்கு இதைக் கொண்டுபோய்ச் சட்டத்தரணியிடம் கொடுப்போமா என்று கேட்க வாயெடுத்தவர், எந்த மாவட்டத்துச் சேற்றில் நின்று கண்டாய் என்று கேட்பார்களே என்று நினைத்துப் பத்திரிகையை மடித்துவிட்டார்.

சில்வெஸ்டர் பத்திரிகையை வாங்கிக் கசக்கி, ஈரம் காயாத பூட்ஸுக்குள் திணித்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் காய வேண்டும்.