கடியப்பட்டணம் முதல் குளச்சல் வரை: மூன்று சிலைகளும் நான் மஞ்சள் பூசிய நாலாவதும்

நம் விடுதிக் கையெழுத்துப் பத்திரிகையில் சென்ற முறை, எங்கள் ஊர்க் கடற்கரை வழியில் நாலு சிலைகள் உண்டு என்று நான் அளந்ததை நம்பி, மூன்று பேர் அடுத்த விடுமுறைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். வழி தவறி என்னைத் திட்டக் கூடாதே என்று, சித்திரை விடுமுறையின் இரண்டாம் சனிக்கிழமை நானே நடந்து பார்த்து வந்தேன். இது முக்கால் உண்மை. நாலாவது சிலையிடம் எனக்குச் சொந்த வேலை ஒன்று இருந்தது. அதுதான் மிச்சக் கால்.

காலை ஆறே காலுக்குக் கிளம்பினோம். நானும் அம்மையும். அம்மை தலையில் சும்மாடு, அதன்மேல் ஓலைக் கடவப் பெட்டி நிறையச் சாளை மீன். குளச்சல் வரை ஆறு மைல். வாரம் ஆறு நாள் அவள் நடக்கிற வழி இது. எங்கள் கட்டுமரம் மற்ற மரங்களுக்குப் பிந்தித்தான் கரை சேரும். ஆகவே மற்ற மீன்காரிகள் போன பிறகு அவள் தனியாகவே போவாள். நான் கூட வந்ததில் அவளுக்கு ஒரே லாபம், என் பேச்சு. அதையும் அவள் லாபமாக எண்ணவில்லை.

முதல் சிலை ஊர் முடிகிற இடத்துக் கல் குருசு. அடியில் ஒரு மீனும் நங்கூரமும் செதுக்கியிருக்கிறது. மீனுக்குப் பல் இருக்கிறது. செதுக்கியவர் மலைநாட்டுக்காரராக இருக்க வேண்டும்.

அரை மைலில் ஆறு. தோணிக்கு ஆளுக்கு எட்டுக் காசு. தோணிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏட்டி, நாகருகோவில்ல படிச்சிட்டு வந்தியா? என்ன படிச்ச?"

"தோணி ஓட்டுறதத் தவிர எல்லாம் படிச்சாச்சு மாமா."

"அப்ப நடு ஆத்துல எறங்கிப் படி" என்று துடுப்பை நிறுத்திவிட்டார். அம்மை சிரிக்கவில்லை. தலையில் சுமை இருந்தால் கழுத்தை அசைக்கக் கூடாது. சிரிப்புக்கும் கழுத்து வேண்டும்.

ஒன்றரை மைலில் இரண்டாவது சிலை, வாள் பிடித்த வீரன். தலை இல்லை, ஆகவே தலைக்கனமும் இல்லை. இரண்டே கால் மைலில் மூன்றாவது, புன்னை மரத்தடியில் பின்னிக் கிடக்கிற இரண்டு நாகக் கற்கள். நிழல் உண்டு. உட்காரலாம். ஆனால் சுமை தூக்குகிறவர் உட்கார முடியாது. கடவத்தை மண்ணில் இறக்கினால், திரும்பத் தலைக்கு ஏற்ற இன்னொரு கை வேண்டும். தனியாக வருகிறவளுக்கு அந்தக் கை எங்கே இருக்கிறது?

அந்தக் கைதான் நாலாவது சிலை. மூன்றாம் மைல் சுமைதாங்கி. இரண்டு கல் நட்டு, நெஞ்சு உயரத்தில் மேலே ஒரு பலகைக் கல். இடது கல்லில் வயிறு மேடிட்ட ஒரு பெண்ணைச் செதுக்கியிருக்கிறார்கள். சூலியாகச் செத்துப்போன யாரோ ஒருத்திக்கு அவள் வீட்டார் வைத்தது. பாரத்தோடு போனவளுக்கு, பிறர் பாரம் இறக்கினால் ஆறுதலாம். அம்மை முதுகை வளைக்காமலே கடவத்தை அந்தக் கல்லுக்குத் தள்ளுவாள். மூச்சு வாங்கியபின் தலையைக் கொடுத்து எடுத்துக்கொள்வாள். யார் தயவும் வேண்டாம்.

போன கிறிஸ்துமஸ் விடுமுறையின் கடைசி நாள் விடியற்காலை, அந்தப் பெண்ணுக்கு நான் அலங்காரம் செய்தேன். முகத்துக்கு எங்கள் மீன்குழம்பு மஞ்சள், நெற்றிக்குச் செம்மண், கண்ணுக்குச் சுண்ணாம்பு, கழுத்தில் ஓலைமாலை. மீன்காரிகள் பார்த்து விழுந்து சிரிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே அன்றைக்கு பஸ் ஏறிவிட்டேன். மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் சொந்த வேலை.

"சுமைதாங்கிப் பக்கம் ஏதும் விசேஷம் உண்டா?" என்று அம்மையிடம் கேட்டேன்.

"போய்ப் பாரு."

எட்டு மணி பத்து நிமிஷம். ஓலைப் பந்தல். சுற்றிலும் தென்னங்கயிறு. பலகைக் கல்லில், அம்மை கடவம் வைக்கிற அதே இடத்தில், விளக்கு. பெண்ணுக்குச் சிவப்புப் பட்டு. முகத்தில் புதிய மஞ்சள், எங்கள் வீட்டுச் சரக்கைவிட உயர்ந்தது.

உள்ளே இருந்த பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் கை வீசினார். "கடவத்தக் கொண்டு தள்ளிப் போ! நாத்தம் அம்மனுக்கு ஆவாது."

"இது அம்மன் இல்ல. சுமைதாங்கி. மஞ்சள் பூசினது நான்தான்" என்றேன். மஞ்சள், செம்மண், சுண்ணாம்பு, ஓலை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு நேரம் உண்மை பேசியதில்லை.

அவர் கோபப்படவில்லை. கண்ணில் நீர் வந்தது. "கேட்டியளா! குருசு கும்பிடுற கடப்புறத்து வேதக்காரப் பிள்ளை கையாலயே பூச வச்சிருக்காளே, எங்கம்மைக்க சக்தி!" என்று பந்தலைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "மக்கா, நீ கயித்துக்கு அந்தாலயே நில்லு" என்றார்.

அம்மை அதற்குள் நடந்துவிட்டாள். சுமையோடு நிற்பது நடப்பதைவிடக் கொடுமை.

அரை மைல் தாண்டி, "ஏட்டி, பிடி" என்றாள். இரண்டு பேருமாக மணலில் இறக்கினோம். கழுத்தைத் தடவிக்கொண்டாள். மீன் தண்ணீர் காதோரம் வழிந்தது.

"நீயா பூசின?"

"ஆமா."

"எதுக்கு?"

"நீங்க எல்லாரும் சிரிப்பியன்னு."

"சிரிச்சோம் மக்கா. ஒரு நாளு சிரிச்சோம். மறுநாளு கல்லச் சுத்திக் கயிறு கெட்டியாச்சு."

பிறகு, "தூக்கிவிடு" என்றாள்.

பத்து மணிக்குக் குளச்சல். அங்கே டச்சுக்காரர்களை ஜெயித்த வெற்றித் தூண் இருக்கிறது. நான் பார்க்கவில்லை.

வருகிறவர்கள் விடியுமுன் கிளம்புங்கள். குடிதண்ணீர் மூன்றாம் மைலுக்குமேல் கிடையாது. தோணிக்குப் போக வர ஆளுக்குப் பதினாறு காசு, அதாவது ஒரு சக்கரம். நாலாவது சிலையைக் கயிற்றுக்கு வெளியே நின்று பார்க்கலாம். முகம் அழகாக இருக்கும். வழியில் எந்தக் கல்லிலும் எதையும் பூசாதீர்கள். தலையில் கடவத்தோடு தனியாக ஒருத்தி வந்தால், சிலை எங்கே என்று அவளிடம் கேட்காதீர்கள். பையைக் கீழே வைத்துவிட்டு, இறக்கவும் தூக்கவும் கை கொடுங்கள்.

எனக்குப் பள்ளி திங்கட்கிழமை திறக்கிறது. அம்மைக்கும் அன்றைக்குச் சந்தை உண்டு.