என் பேரில் ஒரு நேர்ச்சை

எனக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்று என்னைவிட அதிகமாகக் கவலைப்பட்டவர்கள் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை விவசாயிகள்தான். முன்பின் தெரியாதவர்களெல்லாம் சின்னமனூரில் இருந்த என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குள் நுழைந்து, "தாயி, ஒரு நல்ல பையன் இருக்கான்" என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு மிஷினைத் தூக்கி எறிந்திருப்பேன். கனம் அதிகம் என்பதால் விட்டுவிட்டேன். இத்தனைக்கும் காரணம் என் அக்கா ஆரோக்கியம்மாளின் புருஷன் ஆல்பர்ட். அந்த மகராசனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அத்தான் திராட்சை புரோக்கர். பழம் வெட்டுக்குத் தயார் என்று சேதி வந்ததும் போய்ப் பந்தலுக்கடியில் குனிந்து, கொத்தின் நுனியில் இருக்கும் பழத்தைக் கிள்ளி வாயில் போடுவார். மேலே உள்ளது முன்னாடியே பழுத்துவிடும். நுனிப்பழம் இனித்தால்தான் கொத்து முழுக்கப் பழுத்திருக்கிறது என்று அர்த்தம். இனித்தால் விலை பேசுவார். பேசி முடித்ததும் தோட்டக்காரர் வீட்டில் காபி. அதைக் குடித்தால்தான் பேசிய விலை நிற்கும். குடிக்காமல் எழுந்தால் ஆள் வேறு தோட்டம் பார்த்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வார்கள். அந்தக் காபியில் மரியாதையைச் சீனியால்தான் காட்டுவார்கள். புரோக்கருக்கு மரியாதை ஜாஸ்தி என்பதால் டம்ளரின் அடியில் அது கரையாமலே கிடக்கும்.

எத்தனை தோட்டமோ அத்தனை டம்ளர். தோட்டத்துக்குத் தோட்டம் போக மொபெட். வண்டியில் முதலில் வயிறு வரும், பின்னாலேயே அத்தான் வருவார் என்று ஒரு தடவை சொன்னேன். அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆனால் சிரிக்க முடியாத விஷயம் ஒன்றும் அந்த வீட்டில் இருந்தது. அத்தானுடைய அண்ணன் அமிர்தராஜும் இதே தொழில்தான் பார்த்தார். பெரியத்தான் என்று கூப்பிடுவேன். அவருக்குச் சர்க்கரை வந்து, காலில் ஒரு புண் ஆறாமல் போய், கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆல்பர்ட் அத்தான் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அந்த மாதமே தேனிக்குப் போய்த் தானும் ரத்தம் கொடுத்துப் பார்த்தார்.

"சர்க்கரை இன்னும் உள்ள வரலை, வாசல்ல நிக்குது. உள்ள விடுறதும் விரட்டுறதும் உங்க கையில" என்றாராம் டாக்டர். தினமும் நடக்க வேண்டும், சோற்றைக் குறைக்க வேண்டும், சீனியை விட வேண்டும். பழத்தைச் சுவை பார்த்துவிட்டுத் துப்பிவிட வேண்டும்.

நடப்பதிலேயே ஆரம்பித்தது வம்பு. வண்டியை மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு வாய்க்கால் கரையோடு நடந்தார். எதிரே வந்தவர்களெல்லாம், "என்னண்ணே, வண்டி மக்கர் பண்ணுதா? ஏறுங்க, இறக்கி விட்டுர்றேன்" என்று மல்லுக்கட்டினார்கள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொண்டான் ஒருத்தன். கொஞ்ச நாளில், ஆல்பர்ட் நொடித்துப் போய்விட்டான், வண்டியை விற்றுவிட்டான் என்று ஊரே பேசியது.

அடுத்தது துப்பல். தவசியின் தோட்டத்தில் நுனிப்பழத்தைக் கிள்ளி, மென்று, தூவென்று துப்பினார். பக்கத்துத் தோட்டத்துக்காரன் பார்த்துவிட்டான். பொழுது சாய்வதற்குள், தவசி தோட்டத்துப் பழம் வாயில் வைக்க முடியவில்லை, மருந்து நாற்றம் என்று சேதி போய்விட்டது. வேறெந்தப் புரோக்கரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் தவசி, என் அக்கா வீட்டு முன்னால் வந்து நின்று கத்தினார்.

"ஏன்ணே, வெலை கட்டலைன்னா சொல்லிட்டுப் போக வேண்டியதுதான? எம் பழத்தைத் துப்புறதுக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?"

"ஏப்பா, டாக்டர் சொன்னாக, அதான்..."

"டாக்டருக அப்பிடித்தான் சொல்லுவாக! ஒரு பழத்துல என்ன ஆயிரப் போகுது?"

ஒரு பழம், ஒரு டம்ளர், ஒரு வாய் சோறு. ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றுதான். எல்லா ஒன்றும் ஒரே வயிற்றுக்குள் போகிறதே என்று ஒரு புண்ணியவானுக்கும் தோன்றவில்லை. அத்தானுக்கோ யார் மனமும் நோகக் கூடாது. சமாதானமாகத் தவசி வீட்டில் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு வந்தார். மனுஷனா அவர்!

நல்லவேளையாக ஈஸ்டருக்கு முந்தைய விரதமான தவக்காலம் வந்தது. "தவக்காலம், இனிப்புத் தொடுறதில்லை" என்றார். என்ன அதிசயம்! ஒருத்தர் வாய் திறக்கவில்லை. தவசி இந்து. அவர் வீட்டிலேயே, "அப்ப வேணாம்ணே, விரதத்தைக் கெடுக்கக் கூடாது" என்று தவசியின் பெண்சாதி பொன்னாத்தாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். துப்பினாலும் யாரும் தப்பாக நினைக்கவில்லை. டாக்டர் சொன்னால் கேட்காத ஊர், சாமி என்றால் கையெடுத்துக் கும்பிட்டது. அத்தான் நன்றாகவே இளைத்தார்.

ஈஸ்டர் முடிந்தது. பொன்னாத்தாள் பழையபடி சீனிக்காபியோடு வந்தாள். "பண்டிகைதான் முடிஞ்சிருச்சே, குடிங்கண்ணே." அத்தானுக்குத் திக்கென்றது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

"இல்லத்தா, நேர்ச்சை. எங் கொழுந்தியாளுக்குக் கல்யாணம் ஆகுற வரைக்கும் இனிப்புத் தொடமாட்டேன்னு மாதாகிட்ட நேர்ந்திருக்கேன்."

பொன்னாத்தாளின் கண் கலங்கிவிட்டதாம். கலங்காதா பின்னே! முப்பதைத் தாண்டிய பாவப்பட்ட பெண், அவளுக்காக வாயைக் கட்டிய உத்தம அத்தான். சேதி சின்னமனூரிலிருந்து கம்பம் வரை பறந்தது. அதன் பிறகுதான் என் இன்ஸ்டிடியூட்டுக்குள் மாப்பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள்.

வந்த மாப்பிள்ளைக்கெல்லாம் குறை சொன்னவர் யார் என்கிறீர்கள்? நேர்ந்துகொண்ட உத்தமரேதான். ஒருத்தனுக்குக் காது சரியில்லை. ஒருத்தன் குறட்டை விடுவான், அது இவருக்கு எப்படித் தெரியும் என்பது மாதாவுக்கே வெளிச்சம். எனக்கும் அவர்களில் யாரையும் பிடிக்கவில்லை, அதனால் சும்மா இருந்தேன். பிறகு என் மிஷின்களைப் பழுது பார்க்க வரும் சவரிமுத்துவை எனக்குப் பிடித்தது. தேவாரத்துக்காரர், அதிகம் பேசமாட்டார், நான் பேசுவதைச் சிரித்துக்கொண்டே கேட்பார். வீட்டில் சொன்னேன்.

"தேவாரமா? ரொம்பத் தூரமாச்சே" என்றார் அத்தான்.

பஸ்ஸில் கண் அசருவதற்குள் வந்துவிடும் ஊர்! எனக்கு வந்ததே கோபம். கொல்லைப்புறத்தில் மடக்கினேன்.

"உண்மையைச் சொல்லுங்க அத்தான். அவருகிட்ட என்ன குறை?"

ரொம்ப நேரம் செருப்பால் மண்ணைக் கீறினார். "தங்கமான பையன்தான். ஆனா நீ கல்யாணம் பண்ணிட்டா எனக்குக் காபி குடுத்துருவாகளே, அனிதா."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அண்ணன் கால் புண்ணுக்குத் தெனம் பஞ்சை மாத்தும்போது நாந்தான் விளக்குப் பிடிச்சேன். எனக்குப் பயமா இருக்குத்தா" என்றார். அதற்கு மேல் எனக்கும் சண்டை போட வரவில்லை. கல்யாணத்தை மட்டும் தள்ளிப்போடவில்லை.

கோயிலில் தாலி கட்டி முடிந்து மண்டபத்துக்கு வந்தால் பாதிக்கூட்டம் திராட்சைத் தோட்டக்காரர்கள். என்னைப் பார்க்க வந்தவர்கள் இல்லை, அத்தானின் நேர்ச்சை முடிவதைப் பார்க்க வந்தவர்கள். ஆளுக்கொரு தட்டு. லட்டு, ஜிலேபி, அதிரசம், ஒரு தாம்பாளம் நிறையப் பன்னீர் திராட்சை. அத்தானை நடுவில் உட்கார வைத்தார்கள். வேர்த்து ஊற்றியது அவருக்கு. தவசி ஒரு லட்டை எடுத்து வாய்க்கு நேராக நீட்டினார்.

"மாதா கண்ணைத் திறந்துட்டாக. வாயைத் திறங்கண்ணே!"

மணப்பெண்ணாக மேடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தான் தவசியின் முகத்தைப் பார்த்தார். அத்தனை சந்தோஷம் அதில். அத்தானின் வாய் மெல்லத் திறந்தது.

"ஏலே ஆல்பர்ட்டு, மூடுறா வாயை."

பெரியத்தான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கட்டைக்கால் தரையில் தட்டத் தட்ட வந்து தவசியின் பக்கத்தில் நின்றார்.

"தவசி, உங்க வீட்டுலயும் எத்தனையோ காபி குடிச்சிருக்கேன்ல? யாரு மனசும் நோகக் கூடாதுன்னு ஒரு வீடு விடாம குடிச்சேன். ஒருத்தரு மனசும் நோகலை. என் காலுதான் போச்சு. இவனுக்கும் அதுதான் வாசல்ல நின்னுச்சு. நேர்ச்சையாவது ஒண்ணாவது, பயந்து போய்ச் சொன்ன பொய்யி அது. எந் தம்பி ரெண்டு காலோட இருக்கட்டும்யா. விட்டுருங்க."

அத்தான் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தவசி கையிலிருந்த லட்டைப் பார்த்தார், பெரியத்தானின் காலைப் பார்த்தார், லட்டைத் தட்டிலேயே வைத்தார். "இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று முணுமுணுத்தார். முன்னாடியே சொன்னது அவரிடம்தான் என்று மேடையிலிருந்து கத்த நினைத்தேன். புதுப்பெண்ணாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன்.

அந்த வருடம் தேனி டாக்டர், வாசலில் நின்றது தெருமுனைக்குப் போய்விட்டது, நடப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றாராம்.

அடுத்த வெட்டுக்கு அத்தான் தவசி தோட்டத்துக்கு நடந்தே போனார். நுனிப்பழத்தைச் சுவைத்தார், துப்பினார், நல்ல விலை சொன்னார். பொன்னாத்தாள் இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்தாள். ஒரு மடக்குக் குடித்த தவசியின் முகம் கோணியது.

"ஏ புள்ள, எனக்குச் சீனி போட மறந்துட்டியா?"

"மறக்கலை. ஒங்களுக்கும் ரெண்டு காலு இருக்குல்ல, குடிங்க" என்றாளாம் பொன்னாத்தாள்.