ஆடாம விழற கேமரா

கேமரா வாங்கணும்னு ஆரம்பிச்சது நான்தான். என் பொண்ணு பாஸ்கெட்பால் ஆடறா. போன்ல எடுத்தா பந்து ஒரு பக்கம், பாதிக் கால் ஒரு பக்கம், நடுவுல வெறும் புகை. வீட்டு விசேஷத்துக்கும் ஆகணும், இவ ஓட்டத்துக்கும் ஈடு கொடுக்கணும், அப்படி ஒண்ணு பார்க்கலாம்னு கிளம்பினோம். அப்பா சட்டையை மாட்டிக்கிட்டு வந்து நின்னார். "நானும் வர்றேன்." அம்மா போனதுல இருந்து ஞாயித்துக்கிழமை சர்ச் பூசையைத் தவிர வாசப்படி தாண்டாத மனுஷன். எனக்கு ஒரே சந்தோஷம். மடச்சி நான்.

எங்க ஆளுங்கள்ல ஒரு வழக்கம் உண்டு. சவப்பெட்டியை மூடறதுக்கு முன்னாடி குடும்பம் மொத்தமும் சுத்தி நின்னு ஒரு போட்டோ எடுப்போம். அம்மாவுக்கு எடுத்தப்போ சாயங்காலம், நல்ல மழை, கரண்ட் இல்ல. மெழுகுவத்தி வெளிச்சத்துல சொந்தக்காரர் ஒருத்தர் போன்லயே எடுத்தார். யாராலயும் குலுங்காம நிக்க முடியல. படத்துல எங்க யாருக்கும் மூஞ்சியே இல்ல, ஈரத்துணியால துடைச்ச மாதிரி. அம்மா மட்டும் அப்படியொரு தெளிவு. புருவத்துல ஒவ்வொரு முடியும் தெரியுது. ஆடாம இருந்தது அவங்க ஒருத்தர்தானே. அதைப் போய் ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டினார் அப்பா. கழட்டுங்கப்பான்னு எவ்வளவு சண்டை போட்டிருப்பேன்! கடைசியில அதுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடப் பழகிட்டேன்.

தி.நகர் கடையில சேல்ஸ்மேன் என் பொண்ணைக் குதிக்கச் சொன்னார். பட்டனை அழுத்தினதும் தடதடன்னு படம் வரிசையா விழுந்துச்சு. அந்தரத்துல நிக்கறா, ஒரு முடி கலங்கல. எனக்கு அதுவே போதும். அப்பா ஸ்கிரீன் கிட்ட குனிஞ்சு ரொம்ப நேரம் பார்த்தார்.

"லைட் கம்மியா இருந்தா?"

"அதுக்குத் தனி லென்ஸ் இருக்கு அங்கிள். வீட்டு வெளிச்சத்துலயே நல்லா வரும்."

"அழுதா? அழுதுக்கினே கீறாங்க, ஒடம்பெல்லாம் குலுங்குது. அப்பவும் ஆடாம விழுமா?"

"குழந்தைன்னா அழத்தானே செய்யும்," சிரிச்சார் அவர். "கவலையே படாதீங்க, பளிச்சுனு விழும்."

அப்பா கேட்டது குழந்தையைப் பத்தி இல்லன்னு அந்தக் கடையில எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அவசரமா பில் போடச் சொன்னேன்.

ஆட்டோவுல ஏறினதும் அவரைப் பிடிச்சேன். "இன்னாப்பா பேச்சு இது? வாயில நல்ல வார்த்தையே வராதா?"

அப்பா ரோட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னார். "உங்கம்மா கூட நான் நின்ன கடைசிப் படத்துல எனக்கு மூஞ்சி இல்ல. அழுதேனா, சும்மா நின்னேனா, நாளைக்கு யாருக்குத் தெரியும்? நான் போறப்ப உங்களுக்கு அப்படி ஆவக்கூடாது."

அடுத்த ஞாயிறு என் தம்பி சாப்பிட வந்திருந்தான். கை கழுவிட்டு வந்து பார்த்தா ஹால் ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கு. கட்டில்ல அப்பா, வெள்ளை வேட்டி சட்டையில, மல்லாந்து படுத்திருக்கார். நெஞ்சு மேல கை, விரல்ல ஜெபமாலை சுத்தியிருக்கு. கேமரா ஸ்டாண்டுல நிக்குது.

"சுத்தி நில்லுங்க. ஒரு வாட்டி எடுத்துப் பார்த்துடலாம்."

"பைத்தியமா பிடிச்சிருக்கு உங்களுக்கு?"ன்னு கத்தினேன். "விடுக்கா, அவர் மனசு ஆறட்டும்"னான் தம்பி. என் பொண்ணு டைமரை வெச்சுட்டு ஓடி வந்து நின்னா. கேமரா தடதடன்னு எடுத்து முடிச்சுது. நாங்க நகர்ந்தோம், அப்பா நகரல.

"முடிஞ்சுதுப்பா."

கண்ணைத் திறக்கல. நெஞ்சு ஏறி இறங்குதான்னு பார்த்தேன், அந்த இருட்டுல ஒண்ணும் தெரியல. தெருவுல மீன்காரம்மா கூவிக்கிட்டுப் போனாங்க. என் கை அவரைத் தொடப் போகுது, ஐயோ, சில்லுனு இருந்துட்டா? தம்பி ஓரடி பின்னால போனான். "தாத்தா"ன்னா என் பொண்ணு.

"ஒருத்தரும் அழலியே"ன்னார் அப்பா, கண்ணை மூடினபடியே. "சும்மா நின்னா எதுலயும்தான் தெளிவா விழும். இது இன்னா டெஸ்டு?"

அவ்வளவுதான், எனக்குப் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. அம்மாவுக்குக்கூட நான் அப்படி அழல. தோள் குலுங்குது, மூச்சு வாங்குது. அப்பா சட்டுனு எழுந்து உட்கார்ந்து ஸ்டாண்டைத் தன் பக்கம் இழுத்தார். என் மூஞ்சிக்கு நேரா வெச்சு அழுத்தினார், தடதடதடன்னு. எடுத்ததைப் பெருசாக்கிப் பார்த்தார். அம்மா போன பிறகு அப்படி ஒரு நிம்மதியை அவர் மூஞ்சியில நான் பார்த்ததே இல்ல.

"கன்னத்துல தண்ணி கூட ஆடாம நிக்குது பாரு"ன்னார் சந்தோஷமா. பேத்தியை மறுபடி டைமர் வைக்கச் சொல்லிட்டு, திரும்பவும் மல்லாந்து படுத்தார். ஜெபமாலையைச் சரி பண்ணி, கண்ணை மூடினார்.

"தலைமாட்டுல வந்து நில்லும்மா. கண்ணைத் தொடைச்சுக்காத."