அணைக்காமல் விட்ட அழைப்பு

அப்பா துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டினார். ஒரு வீட்டின் அளவுக்கு இருக்கும் கண்டெய்னரை அந்தரத்தில் தூக்கிக் கொண்டுபோய், முட்டையை வைப்பதுபோல் கப்பலில் இறக்கிவைக்கிறவர் என்று அவருடைய கூட்டாளிகள் பெருமையாகச் சொல்வார்கள். அதே அப்பாவுக்குக் கைப்பேசியைக் கண்டால் விரல் நடுங்கும். அழைப்பு வந்தால், அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைப்போல இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டுவார். நான் தொட்டுக் கொடுத்த பிறகுதான் பேச்சு. அதுவும் கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் நிற்பவருக்குக் குரல் நேராகவே போய்ச் சேரவேண்டும் என்பதுபோல் ஒரு கத்தல். அம்மா கொஞ்சம் தேவலை. குரல் பதிவு அனுப்பத் தெரியும். அனுப்பிவிட்டு, வந்ததா என்று கேட்க உடனே அழைத்துவிடுவார்.

இப்படிப்பட்ட வீட்டில் எனக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்போது நான் ஆறாம் வகுப்பு. நோய்ப் பரவலுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடி, ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போகக்கூடாது என்று தடுத்து வைத்திருந்த காலம். வகுப்பே கைப்பேசிக்குள் நடந்தது. ஆசிரியர் பேசும்போது எங்கள் பக்கத்து ஒலியை அடைத்துவைப்பது, கேட்டால் திறப்பது, படத்தை மட்டும் மறைப்பது எல்லாம் மூக்கைச் சொறிவதுபோல் பழகிப்போயிருந்தன. ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளம் வரைக்கும் என் புகழ் பரவியிருந்தது. ஆண்ட்டிகள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். பெரியவர்கள் எல்லாம் கொஞ்சம் மக்கு என்ற எண்ணம் எனக்கு வந்தது அந்தக் காலத்தில்தான்.

சித்தி எங்களோடு இருந்தார். அம்மாவின் ஒரே தங்கை. மருத்துவமனையில் தாதி; எங்கள் பேச்சில் மிஸ்ஸி. வேலையிலிருந்து வந்ததும் நேராகக் குளியலறைக்குப் போய், குளித்துவிட்டுத்தான் எங்களிடம் பேசுவார். முகமூடியின் பட்டை காதோரம் போட்ட தடம் எந்நேரமும் அவர் முகத்தில் இருக்கும். தாத்தாவும் பாட்டியும் இல்லாததால் சித்தியின் கல்யாணம் அம்மாவின் தலையில் இருந்தது. அந்த நேரம் பார்த்து வேறு மாநிலத்தில் இருக்கும் ஈப்போவிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்குக் கணினி நிறுவனத்தில் நல்ல வேலை. அவருக்கு அப்பா இல்லை. அம்மாவும் கல்யாணமான அக்காவும்தான். பெண் தாதியாக இருப்பது தங்களுக்கு ரொம்பப் பிடித்திருப்பதாகத் தரகரிடம் சொல்லியனுப்பினார்கள். இராப்பகலாக மாறி மாறி வேலை என்று மற்றவர்கள் தட்டிக்கழித்த இடத்தில் இப்படி ஒரு குடும்பமா என்று அம்மா பூரித்துப்போனார்.

நேரில் வரமுடியாது. ஆகவே பெண் பார்ப்பது காணொளியில் என்று முடிவானது. ஏற்பாடு முழுக்க என் பொறுப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பட்ட பெருமை கொஞ்சமல்ல. மாவு டப்பாவின் மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்தேன். சன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி நாற்காலிகளை மாற்றிப் போட்டேன். அப்பா சட்டை, வேட்டியில் வந்து உட்கார்ந்தார். இடுப்புக்குக் கீழே படத்தில் தெரியாது என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. அம்மா ஒரு தட்டு நிறைய லட்டும் முறுக்கும் கொண்டுவந்து கைப்பேசிக்கு முன்னால் வைத்தார். அவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று கேட்டேன்.

"பாக்கட்டும்லா. பாக்குறதுக்காச்சும் இருக்கணும்ல."

சித்தி நீலப் புடவையில் மல்லிகை வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார். முகமூடி இல்லாமல் அவரை அவ்வளவு நேரம் பார்த்து எனக்கும் நாளாகியிருந்தது.

அழைப்பு நன்றாகத்தான் நடந்தது. மாப்பிள்ளையின் அம்மா சிரித்த முகம். அக்கா கொஞ்சம் அதிகாரமாகப் பேசினார். மாப்பிள்ளை மெலிந்தவர், முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரைக்கும் பொத்தான் போட்டிருந்தார். சித்தியிடம் வேலை கஷ்டமா என்று மட்டும் கேட்டார். "பழகிருச்சு" என்றார் சித்தி. மாப்பிள்ளை இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தபோது அக்கா குறுக்கிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். எல்லாருக்கும் சம்மதம்போல்தான் தெரிந்தது. இரண்டு பக்கமும் கும்பிட்டோம். அந்த அம்மா கையை நீட்டி எதையோ அழுத்தினார். மாப்பிள்ளை வீடு தலைகீழாகச் சுழன்று, பிறகு படம் முழுக்க ஒரு காற்றாடி மட்டும் கூரையில் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் அழைப்பை அணைக்கவில்லை. கைப்பேசியை மேசையில் மல்லாக்கப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பு பொங்கியது. ஆனால் வகுப்பில் பழகிய விரல், மூளைக்கு முன்னால் போய் எங்கள் பக்கத்து ஒலியை அடைத்துவிட்டது.

"கட் பண்ணும்மா. நாம கேக்கக்கூடாது" என்றார் அப்பா.

நான் சிவப்புப் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நாம பேசுறது அவங்களுக்குக் கேக்குமா?"

"கேக்காதும்மா."

"அப்ப இரு."

முதலில் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. காற்றாடிக்கு அடியில் நாற்காலி இழுபடும் சத்தம். "அந்தாளு ஏன்மா இப்படிக் கத்துறாரு, காது வலிக்குது" என்று அக்காவின் குரல். அப்பா என்னைப் பார்த்தார்; நான் வேறெங்கோ பார்த்தேன். பொண்ணு லட்சணம், பேச்சு கம்மி, அதுவும் நல்லதுதான் என்றார் அந்த அம்மா. எங்கள் அம்மா வெற்றிப் புன்னகையோடு சித்தியின் முழங்கையை இடித்தார். சித்தி குனிந்துகொண்டார்.

அப்போது காற்றாடியை மறைத்துக்கொண்டு ஒரு முகம் வந்தது. மாப்பிள்ளை.

மேசையிலிருந்து கைப்பேசியை எடுத்தவர் எங்களைப் பார்த்துவிட்டார். நாங்கள் அப்படியே உறைந்துபோனோம். அப்பாவின் வாயில் பாதி லட்டு. அம்மாவின் கை இன்னும் என் மணிக்கட்டில். பிறர் வீட்டுச் சன்னலில் காது வைத்து, கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் எப்படி இருப்பார்களோ அப்படி வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அவருடைய கண் அப்பாவிடமிருந்து அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து சித்திக்கும் போய் அங்கேயே நின்றது. அவருடைய கட்டைவிரல் படத்தின் அடியில் மேலெழுந்து வந்தது. இதோ அணைக்கப்போகிறார் என்று நான் மூச்சைப் பிடித்தேன். விரல் நின்றது. பிறகு விலகிக்கொண்டது.

படம் ஒரு குலுக்கு குலுங்கி நிமிர்ந்தது. எதிலோ சாய்த்து வைத்துவிட்டார். இப்போது அந்த வீட்டுக் கூடம் முழுக்கத் தெரிந்தது. அந்த அம்மா எங்களுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார்; அக்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை போய் அவர்களுக்கு எதிரே நின்றார்.

"அம்மா, என் கிட்னி விஷயத்த அவங்ககிட்ட எப்ப சொல்லப்போறீங்க?"

எங்கள் வீட்டில் யாரும் அசையவில்லை. கேட்டது சரியா என்று அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்பத்தானடா பேசி முடிச்சோம். நல்ல நேரத்துல அந்தப் பேச்ச ஏன் எடுக்குற?" என்றார் அந்த அம்மா.

"சொல்லுங்கம்மா. எப்ப?"

"கல்யாணம் ஆவட்டும். அப்புறம் தானா தெரியப்போவுது."

"திங்கள், புதன், வெள்ளி ரத்தம் கழுவப் போறேன். அன்னிக்கு எங்க போறேன்னு அந்தப் பொண்ணு கேட்டா?"

"ஓவர்டைம்னு சொல்லு" என்றார் அக்கா, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "தெரிஞ்சாலும் என்ன? மிஸ்ஸிதானே. அவங்களுக்கு இதெல்லாம் பழக்கம்லா. அதுக்குத்தானே மிஸ்ஸி பொண்ணா தேடுனோம்."

அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின. வலித்தது. கையை இழுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அப்பா வாயிலிருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருந்தார்.

மாப்பிள்ளை இடது கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றினார். நிதானமாக, மடிப்பு மடிப்பாக, முழங்கைக்கு மேலே சுருட்டினார். அந்தக் கையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. தோலுக்கு அடியில் தடித்த கயிற்றை முடிச்சுப் போட்டுச் செருகியதுபோல் நரம்பு புடைத்து வளைந்து கிடந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். சித்தி மட்டும் முன்னால் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"ரொம்ப நாளா ஊசி போட்ட கை" என்றார். அது எங்களுக்குச் சொன்னதல்ல.

"இத எப்படிம்மா மறைப்பீங்க?" என்று அங்கே அவர் கேட்டார்.

அந்தச் சிரித்த முகத்து அம்மா அழ ஆரம்பித்தார். அப்படி ஓர் அழுகையை நான் அதற்குமுன் எந்தப் பெரியவரிடமும் கேட்டதில்லை. "மறைக்காம வேற என்னடா பண்ணச் சொல்ற? சொன்னா எவ வருவா? எனக்கும் வயசாச்சு. நான் போய்ட்டா உனக்கு ஒரு வா சோறு யாரு போடுவா?"

மாப்பிள்ளை சட்டையை இறக்காமல், அதே கையால் தன் அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். ஆறுதல் சொல்ல நிமிர்ந்த அக்காதான் தற்செயலாக எங்கள் பக்கம் பார்த்தார். அவருடைய முகம் வெளுத்தது.

"ஐயோ! லைன் ஓடுதும்மா! அவங்க உக்காந்திருக்காங்க!"

ஒரு கை வேகமாக வந்தது. படம் கறுத்தது.

கீழே மோட்டார் சைக்கிள் ஒன்று உறுமிப் போனது கேட்டது. முதலில் வாய் திறந்தவர் அம்மா. ஏமாற்றுக்காரர்கள், தாயில்லாத பெண் என்று வந்தார்கள், மிஸ்ஸி வேண்டுமென்றால் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று எழுந்து நின்று கொதித்தார். தரகரைச் சும்மா விடப்போவதில்லை என்றார். லட்டுத் தட்டைக் கைப்பேசிக்கு முன்னாலிருந்து வெடுக்கென்று இழுத்ததில் இரண்டு உருண்டை தரையில் ஓடின. யாரும் எடுக்கவில்லை.

கைப்பேசி ஒலித்தது. ஈப்போ எண். அம்மா எடுக்கமாட்டேன் என்றார். நான் சித்தியைப் பார்த்தேன். சித்தியின் மனம் எங்கேயோ இருந்தது. ஒலி நிற்கப்போகும் சமயத்தில் அப்பா அதைக் கையில் எடுத்தார். என்னிடம் நீட்டவில்லை. தானே தடவி, தானே காதில் வைத்துக்கொண்டு சன்னல் ஓரமாகப் போனார். அவர் அவ்வளவு தணிந்த குரலில் பேசி நான் கேட்டதே இல்லை.

"அழாதீங்கம்மா… இல்லம்மா, இது சரிப்படாது. மொதல்லயே சொல்லிருக்கணும். … நாங்க வெளிய யாருகிட்டயும் பேசமாட்டோம். தம்பிய பாத்துக்குங்க."

அதோடு அந்த வரன் முடிந்தது. தரகருக்கு அம்மாவிடம் கிடைத்தது தனிக்கதை. இரண்டு வருடம் கழித்து சித்திக்குக் கூலிம் ஊரில் நல்லபடியாகக் கல்யாணம் நடந்தது. இப்போது ஒரு பையன் இருக்கிறான். ஈப்போக்காரரைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு சேதியும் எங்களுக்கு வரவில்லை. சித்தி விசாரித்தாரா என்பது எனக்குத் தெரியாது.

ஆனால் அந்த வாரம் எனக்கு அதிர்ச்சி வடிந்ததும், மிஞ்சி நின்றது ஒரு வேடிக்கைதான். யாரிடமும் சொல்லமாட்டோம் என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்ததால் வெளியே சொல்லமுடியாமல் வயிறு உப்பிப் போயிருந்தேன். ஒரு மாலையில் சித்தி மறுநாள் வேலைக்கான வெள்ளைச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் போய் உட்கார்ந்து கொட்டிவிட்டேன்.

"சித்தி, அந்த அம்மாவுக்குத்தான் கட் பண்ணத் தெரியல, விடு. அவரு கம்ப்யூட்டர் வேலை பாக்குறவருதானே? போனக் கையில எடுத்தாரு, நம்ம எல்லாரையும் பாத்தாரு, அப்பவும் அணைக்காம வச்சிட்டுப் போனாரே! எங்க கிளாஸ்ல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

சித்தி சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"அவருக்குத் தெரியும்மா."

"தெரிஞ்சா ஏன் அணைக்கல?"

சித்தி சீருடையின் கையை நீட்டிப் போட்டு, ஏற்கெனவே மடிப்பில்லாத இடத்தில் மறுபடியும் இஸ்திரி போட்டார். அவருடைய கண் நிறைந்திருந்தது. ஒரே ஒருநாள், அதுவும் இவ்வளவு சின்னப் படத்தில் பார்த்த ஒரு மனிதரை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் சித்தி பொய் சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். பெரியவர்களுக்கு இந்தக் கருவியெல்லாம் வராது, வரவில்லை என்று ஒத்துக்கொள்ளவும் வராது என்று எனக்குள் சொல்லிக்கொண்டு, என் கைப்பேசியை எடுத்துக்கொண்டு எழுந்து போனேன்.