மைதானத்துத் தராசு

யூனிஸுக்கு நாற்பத்தாறு வயது. கட்டபெட்டுக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீஸில் பத்தொன்பது வருடமாகக் கிளார்க். பேசும்போது குரல் உயராது, எழுதும்போது அடித்தல் திருத்தல் இருக்காது. ஊட்டியில் நடந்த இரண்டு நாள் பேரிடர் பயிற்சிக்கு அவரை அனுப்பியது தகுதி பார்த்து அல்ல. மற்றவர்கள் எல்லாரும் லீவ் கேட்டுவிட்டார்கள்.

போன யூனிஸ் வேறு, திரும்பி வந்த யூனிஸ் வேறு. வந்த அன்றே ஆபீஸ் பீரோக்களைச் சுவரோடு சேர்த்து இரும்புப் பட்டை அடிக்கச் சொன்னார். கேன்டீன் சிலிண்டருக்குச் சங்கிலி மாட்டச் சொன்னார்.

"இந்த மலைக்கு மண்சரிவு வரும், காட்டெருமை வரும். பூகம்பம் எங்கிருந்துங்க வரும்?" என்று கேட்டார் மேனேஜர் தரணிதரன்.

"நூறு வருசத்துக்கு முன்னாடி கோயமுத்தூரே ஆடியிருக்குங்க சார்."

"அது கோயமுத்தூருங்களே!"

எந்த ஆபத்தும் பக்கத்து ஊரோடு நின்றுவிடும் என்பது எல்லா ஊரிலும் உள்ள நம்பிக்கைதான்.

ஆனால் யூனிஸின் பயம் பீரோவில் இல்லை. பயிற்சியில் ஓர் என்ஜினீயர் படம் காட்டியிருந்தார். சிமென்ட் இல்லாமல் மண் குழைத்து அடுக்கிய கருங்கல் சுவர்தான் முதலில் சரியுமாம். அந்தப் படத்தைப் பார்த்ததும் யூனிஸுக்கு எடை ஷெட் ஞாபகம் வந்தது. பறித்த கொழுந்தை நிறுக்கிற, வெள்ளைக்காரன் காலத்துக் கல் கட்டடம். அதன் மேற்குச் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி போட்டு, இருபத்திரண்டு வருடமாகத் தராசு பார்ப்பவர் சில்வஸ்டர். யூனிஸின் கணவர்.

"அந்தச் செவுரு எங்கப்பன் காலத்துலயும் நின்னுச்சு, என் காலத்துலயும் நிக்கும்" என்றார் சில்வஸ்டர். "ரெண்டு நாள் ஊட்டில பஜ்ஜி தின்னுட்டு வந்து செவுத்துக்கு நாள் குறிக்கறே."

ஒத்திகைக்கு ஒரு செவ்வாய்க்கிழமையைக் குறித்தார்கள். ஃபேக்டரி சங்கு மூன்று முறை ஊதினால் எல்லாரும் மைதானத்துக்கு வந்துவிட வேண்டும். யூனிஸ் ஒரு வாரம் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் கதவு கதவாக ஏறி இறங்கிச் சொன்னார். கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள்.

பதினோரு மணிக்குச் சங்கு ஊதியது. நூற்று முப்பத்திரண்டு பேரும் வந்தார்கள். தலையில் கொழுந்து மூட்டையோடு, வரிசை பிசகாமல், நேராக எடை ஷெட்டுக்குள். சங்கு ஊதினால் எடை. அவர்கள் கால்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஃபேக்டரி ஆட்களும் மூட்டை தூக்க அங்கேயே வந்து நின்றார்கள். சில்வஸ்டர் கொக்கியைத் துடைத்து முதல் மூட்டையை மாட்டிவிட்டார்.

தரணிதரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். யூனிஸ் சிரிக்கவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்காக இருந்திருந்தால்கூடத் தேவலை, அவரவர் இருந்த இடத்திலேயே இருந்திருப்பார்கள். தானே சங்கு ஊதி அத்தனை பேரையும் அந்தச் சுவருக்கடியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டோமே என்று ஒவ்வொருவராக வெளியே அனுப்பினார்.

"சங்குக்குப் பதிலா மணி அடிச்சுப் பாக்கலாங்களா?" என்றார் தரணிதரன்.

"பயத்துல புது மணியெல்லாம் ஞாபகம் வராதுங்க சார். கால் பழகின பக்கந்தான் போகும். தராசை மைதானத்துக்கு மாத்திடலாங்க."

கொழுந்து நனையும் என்றார்கள். ஆட்கள் நனைவார்கள் என்றார்கள். இதற்குப் பதில் சொன்னவர் கருப்பம்மா. பறிக்கிற பெண்களில் மூத்தவர், சிறு பிள்ளையாக இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். எடை ஷெட்டை இன்றும் கொழுந்து மடுவம் என்றுதான் சொல்வார். "மடுவத்த மாத்துனா நனைஞ்சிருவோமாம்ல. நாங்க எப்பங்க சார் நனையாம இருந்தோம்?"

மைதானத்தில் நான்கு குழாய் நட்டு, மேலே தகரம் போட்டுத் தராசைத் தொங்கவிட்டார்கள். பழைய ஷெட்டைப் பூட்டினார்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அது வழக்கம்போல் சில்வஸ்டரிடம் இருந்தது. சாரலில் உட்கார்ந்து அவரால் சாப்பிட முடியவில்லை. மதியம் பழைய ஷெட்டைத் திறந்து, பழைய நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார். வீட்டில் யூனிஸோடு இரண்டு மாதமாகச் சரியாகப் பேசவும் இல்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள், பன்னிரண்டே முக்காலுக்குத் தரை ஆடியது. ஆறேழு நொடிதான். ஆபீஸில் டம்ளர்கள் கிலுகிலுத்தன, பீரோக்கள் அசையவில்லை. யூனிஸ் சங்கை ஊதச் சொல்லிவிட்டு, பெயர் நோட்டோடு மைதானத்துக்கு ஓடினார். எல்லாரும் மூட்டையோடு வந்து வரிசையில் நின்றார்கள். நிறுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பாதிப்பேர் நினைத்திருந்தார்கள். தராசுக்குப் பின்னால் ஆள் இல்லை.

ஆட்டத்தில் தளர்ந்திருந்த கற்கள் பழைய ஷெட் பக்கம் உருளும் சத்தம் கேட்டது. புழுதி கிளம்பியது. கருப்பம்மா மூட்டையைப் போட்டுவிட்டு அங்கே ஓடத் திரும்பினார். யூனிஸ் அவர் கையை இறுக்கிப் பிடித்தார்.

"யாரும் போகக் கூடாதுங்கக்கா. மறுபடியும் ஆடும்."

"உள்ள இருக்கிறது ஒன் புருசன்டி!"

"தெரியுங்கக்கா."

பிடித்த கையை விடவில்லை. தான் ஓடினால் நூறு பேர் பின்னால் ஓடி வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஓட வேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடித்தது. மறு கையால் நோட்டைத் திறந்து பெயர் கூப்பிடத் தொடங்கினார். இருளப்பன். சரிதா. பொன்னாயி. ஒவ்வொருவராகக் குரல் கொடுத்தார்கள்.

"சில்வஸ்டர்."

பதில் இல்லை. யூனிஸ் அடுத்த பெயருக்குப் போகவில்லை.

"சில்வஸ்டர்!"

அந்தக் குரல் அத்தனை உயரும் என்று எஸ்டேட்டில் யாருக்கும் தெரியாது.

பாதைத் திருப்பத்தில் ஓர் ஆள் வந்தார். தலையெல்லாம் மண். கையில் பிசைந்த சோறு இன்னும் ஒட்டியிருந்தது. மேற்குச் சுவர் பாதி இறங்கி நாற்காலி கல்லுக்கடியில் போயிருந்தது. அந்த நேரம் அவர் தண்ணீர் எடுக்க எழுந்திருந்தார். மைதானத்து விளிம்பில் நின்று, எல்லார் முன்னாலும், மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

"இருக்கேனுங்க."

யூனிஸ் டிக் போட்டார். அழுதுகொண்டே அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.