ஒன்றரை வோல்ட் பிரஷ்ஷும் இருபத்தாறு வாயும்

முதியோர் இல்லத்தில் ஒருத்தி மெஷின் வைத்துக் கிழவர்களின் தங்கப் பல்லைப் பிடுங்குகிறாள் என்று ஊரெல்லாம் பேச்சு. பஸ் ஸ்டாப்பில் ஒற்றைப் பல்லாகக் கிளம்பியது, சலூனுக்கு வந்து சேர்வதற்குள் முழு செட்டாக வளர்ந்துவிட்டது. நகைக்கடைக்காரர் ஒருவரையும் கூட்டுச் சேர்த்துவிட்டார்கள். போய் விசாரித்தால், இருபத்தாறு வாய்களிலும் சேர்த்துத் தங்கப் பல் ஒன்றே ஒன்று, அதுவும் பித்தளை. அது பத்திரமாக அதே வாயில்தான் இருக்கிறது. மெஷின் மட்டும் நிஜம்.

அவளை இல்லத்தில் பல்லக்கா என்பார்கள். வயது ஐம்பத்திரண்டு. அவள் சம்பளத்தில்தான் வாடகை, கைக்குழந்தையோடு திரும்பி வந்துவிட்ட மகள், பால் எல்லாம். காலை ஆறு மணிக்கு உள்ளே வந்தால் ஏழரைக்குச் சாப்பாட்டு வண்டி வந்துவிடும். அதற்குள் எல்லோருக்கும் பல் விளக்கிவிட்டு, சுவரில் தொங்கும் தாளில் கட்டில் நம்பருக்கு எதிரே டிக் அடிக்க வேண்டும். முன்பு இதற்கு மூன்று பேர். ஒருநாள் மேனேஜர் எங்கேயோ கொள்ளை மலிவு என்று நாலு எலெக்ட்ரிக் பிரஷ் வாங்கி வந்தார். தலையை மட்டும் ஆளுக்கொன்றாக மாற்றிக்கொள்ளலாம். மெஷின் வந்தபிறகு ஆள் எதற்கு என்று இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அந்த பிரஷ் சில மாப்பிள்ளைகள் மாதிரி. சும்மா இருக்கும்போது ஏகப்பட்ட சவுண்டு. வேலை என்று பல்லில் வைத்தால் நின்றுவிடும். இரண்டு வாரம் ஏழரைக்குப் பதினாலு டிக்கைத் தாண்டவில்லை. இனி இப்படி இருந்தால் வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான் என்று மேனேஜர் மரியாதையாகவே சொன்னார்.

அவளுடைய அக்கா புருஷன் டார்ச் லைட் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். பிரஷ்ஷைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதுல போடுற பேட்டரி ஒன்றரை வோல்ட். அதே சைஸ்ல லித்தியம் செல் இருக்கு, மூணே முக்கால். போட்டா பேய் மாதிரி சுத்தும்."

மோட்டார் சூடாகும், அஞ்சு நிமிஷத்துக்கு மேல் ஓட்டாதே, நாலையும் மாற்றி மாற்றி எடு என்று எச்சரித்துத்தான் அனுப்பினார். மோட்டாருக்கு என்ன ஆகும் என்று இருவரும் அரைமணி நேரம் பேசினார்கள். ஈறுக்கு என்ன ஆகும் என்ற பேச்சு எழவே இல்லை.

பல்லக்கா பொறுப்பில்லாதவள் இல்லை. அடுத்தவர் வாயில் வைக்கும் முன் தன் வாயில் வைத்துப் பார்த்தாள். ஜோராக இருந்தது. வலி துளியும் இல்லை. எப்படி இருக்கும்? மேலும் கீழும் பொய்ப்பல். சொந்தப் பற்கள் பதினாலு வருஷத்துக்கு முன் மாடிப்படியில் விழுந்து போயின என்பாள். கேட்டவர்கள் அவள் புருஷனை ஒரு தடவை பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்டதில்லை. புருஷனும் போய்ச் சேர்ந்தாயிற்று. செட்டு அவளோடு ஒட்டிப்போய், அது பொய் என்பதே அவளுக்கு ஞாபகத்தில் இல்லை. இல்லத்தில் யாருக்கும் தெரியாது.

மறுநாள் ஏழேகாலுக்கே இருபத்தாறு டிக். பேச முடிந்தவர்கள் அவள் கையைத் தள்ளிவிட்டார்கள். நாற்பது வருஷம் தையல் மெஷின் மிதித்தவன் நான், அதை என் வாயில் ஓட்டாதே என்றார் ஒரு தாத்தா. அவள் சிரித்துக்கொண்டே அவருக்கு மட்டும் மெல்ல வைத்தாள்.

பதினொன்றாம் கட்டில் கணக்கு வாத்தியாருக்குப் பக்கவாதம். பேச்சில்லை, இடது கை மட்டும் அசையும். பிரஷ் வாய்க்குள் போனதும் அந்தக் கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். நாளுக்கு நாள் பிடி இறுகியது. பாசம் என்று நினைத்தாள். பெற்ற அப்பா கூட இப்படிப் பிடித்ததில்லை என்று மகளிடம் சொன்னாள். இல்லத்துப் பற்பசை வேறு சிவப்பு நிறம். துப்பிய நுரையைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. இப்படி ஒன்பது நாள்.

பத்தாம் நாள் வாத்தியாரின் மகன் வந்தான். தலையணையெல்லாம் ரத்தம். உதட்டை விலக்கினால் ஈறு கிழிந்து தொங்குகிறது. முன்பல் ஒன்று பாதியில் உடைந்திருக்கிறது.

மேனேஜர் அறையில் பேச்சு நடந்தது. மேனேஜருக்கு விஷயம் அமுங்கினால் போதும். அந்த ஒரு பிரஷ் பழுது, ஆள் மேல் தப்பில்லை என்று எழுதிவிட அவர் தயார். அவள் முன்பே சொல்லியிருந்ததை வைத்து, அதற்கு வழி போட்டுக்கொண்டே கேட்டார்.

"நீ முதல்ல உன் வாயில வச்சுப் பாத்தேல்லம்மா?"

"பாத்தேன் சார்."

"வலிச்சுதா?"

"இல்ல சார்."

பார்த்தீர்களா என்பதுபோல் அவர் மகன் பக்கம் திரும்பினார். அத்தோடு விட்டிருந்தால் வேலை தப்பியிருக்கும். ஆனால் 'இல்ல' என்று வாயால் சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது, ஏன் வலிக்கவில்லை என்று. மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். பிறகு வாய்க்குள் விரலை விட்டு மேல் செட்டைக் கழற்றி மேஜையில் வைத்தாள். பக்கத்தில் கீழ் செட்டையும் வைத்தாள்.

"எனக்கு வலிக்காது சார்," என்றாள். பல் இல்லாத வாயில் அது குழறிக்கொண்டு வந்தது.

மகன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் பல்லை எடுத்து மாட்டியதும் மேனேஜர் மேஜையைத் துடைத்தார். துடைத்த கையோடு அவளை நிறுத்தும் கடிதத்தை எழுதினார்.

வாத்தியாருக்கு இப்போது மூக்கு வழியாகக் குழாயில்தான் சாப்பாடு.

மறுவாரம் அக்கா புருஷன் வந்தார். செல் ஒவ்வொன்றிலும் மார்க்கரால் கடைப் பேரை எழுதி வைப்பது அவர் வழக்கம். குரலைத் தாழ்த்தி, "நாலையும் எண்ணி என் கையில குடுத்துடு. காசு வேணாம்," என்றார்.

அவள் இல்லத்தின் பின்வாசலுக்குப் போனாள். புதிதாகச் சேர்ந்த பெண் ஈரக் கையோடு வந்தாள். செல் நாலும் பிரஷ்ஷுக்குள்ளேதான் இருக்கின்றன. எடு என்று யாரும் சொல்லவில்லை.

"அதை எடுத்துட்டா நான் எப்படிக்கா ஏழரைக்குள்ள முடிக்கிறது? எனக்கும் வீடு இருக்குல்ல," என்றாள் அந்தப் பெண்.

பல்லக்கா, மெதுவா வை, பேச முடியாதவங்களுக்கு வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள். அக்கா புருஷனிடம், அடுத்த வாரம் தந்துவிடுகிறேன் மாமா என்றாள். அது மூன்று வாரத்துக்கு முன்பு.